கிடாக்கூலி

துரையின் வாயைச் சுற்றிப் புண் வந்தபோது தெருவே பயந்தது. பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு பக்கம் வீங்கியபோது குணசேகரன் ஒருவன்தான் பயந்தான். அதை அவன் மட்டும்தான் பார்த்திருந்தான். வேறு யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான்.

துரை ஒரு வெள்ளாட்டுக் கிடா. நெல்லூர்ப் பக்கத்துச் சந்தையிலிருந்து லாரியில் வந்து இறங்கியவன். எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் ஆடு வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆடுகளைச் சினைப்படுத்தும் பொலிகிடா வைத்திருந்தவன் குணசேகரன் மட்டும். பகலெல்லாம் அவனுக்கு கன்டெய்னர் யார்டில் சுமை ஏற்றி இறக்கும் வேலை. அங்கே அவன் யாரோ ஒரு ஆள். சாயங்காலம் துரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் டீக்கடைக்காரன்கூட பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுப்பான். ஆட்டுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி இவனுக்கு வந்தது, அதை அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

கிடா சேர்ப்பதற்குக் காசு வாங்கும் வழக்கம் அங்கே கிடையாது. வாங்கினால் கேவலமாகப் பேசுவார்கள். ஆடு ஈன்றதும் சீம்பாலும், அதற்கப்புறம் பால் வற்றும்வரை தினம் ஒரு டம்ளர் பாலும் கிடாக்காரன் வீட்டுக்கு வந்துவிடும். அதுதான் கிடாக்கூலி. அந்தப் பங்கு பாலை ஆட்டுக்காரர்கள் தங்கள் பாலாகவே நினைக்க மாட்டார்கள். மடியில் இருக்கும்போதே அது அடுத்த வீட்டுச் சொத்து. கறந்த சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும், அடுப்பில் ஏற்றினால் சத்து செத்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் போய்ச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்?

இந்தத் தடவை அந்த டம்ளர் எழில்மொழிக்கு. குணசேகரனின் ஒரே மகள். வியாசர்பாடியில் வாழ்க்கைப்பட்டவள், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். இதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த வயிற்றைச் சுற்றி வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அவள் தும்மினால் அம்மா கெங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள்.

பால் வந்தது காத்தூன் பீவியின் வீட்டிலிருந்து. பக்கத்துத் தெரு முனையில் ஆப்பக்கடை போட்டிருக்கும் விதவை. அவளுடைய ஆடு நாலாம் மாசத்திலேயே குட்டியைப் போட முக்கி முடியாமல் கிடந்தபோது, குணசேகரனைத்தான் கூப்பிட்டாள். அவன் வெறுங்கையை உள்ளே விட்டு இழுத்தான். குட்டி செத்துத்தான் வந்தது. நஞ்சுக்கொடியையும் அவனே வாரிக் கொண்டுபோய்ப் புதைத்தான். மறுநாள் காலையில் பீவி டம்ளரோடு வந்து வாசலில் நின்றாள்.

"குட்டி பூட்ச்சின்னு கூலி பூடுமா? மடி கட்டிகினு கீது. புள்ளத்தாச்சிக்குக் குடு கெங்கா" என்றாள்.

அவ்வளவு நாணயமானவள். நாணயத்தைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

மூன்று நாலு வாரம் போயிருக்கும். குணசேகரனுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. விடியற்காலையில் பனியன் நனைந்து பிழியும்படி வேர்த்தது. இடுப்பு விட்டுப்போனது. சுமை தூக்குகிற உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்று ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் குளிக்கும்போது கை பட்டது. குனிந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். துரைக்கு இடது பக்கம் வீங்கியிருந்தது. இவனுக்கும் இடது பக்கம்.

அன்றைக்குப் பிடித்தது பயம். சாவு பயம் கூட இல்லை. சாவென்றால் ஆம்பளையாகச் செத்துப் போகலாம். இது வெளியே தெரிந்தால் தெரு என்ன பேசும் என்று நினைத்தாலே காது கூசியது. கிடா வைத்திருப்பவனுக்குக் கிடாவின் சீக்கு. யார்டில் பாஸ்கர் என்று ஒருத்தன் இருக்கிறான், சும்மா இருப்பவனுக்கே பட்டப்பேர் வைக்கிறவன். அவன் காதுக்குப் போனால் ஏழு தலைமுறைக்குப் பேர் நிற்கும். அதைவிடப் பெரிய பயம் கெங்கம்மா. அந்த இடத்தில் வீக்கம் என்றால் எங்கே போனாய் என்றுதான் எந்தப் பெண்டாட்டியும் கேட்பாள். போகாத இடத்துக்குப் போன பழி. கால் அகட்டி நடக்கிறானே என்று அவள் கேட்டபோது நரம்பு பிடித்துக்கொண்டது என்று பூசி மெழுகினான்.

இந்த நேரம் பார்த்து பீவியின் இரண்டாவது ஆடும் குட்டியைக் கலைத்தது. அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். மறுநாள் அந்த ஆஸ்பத்திரி டாக்டரே குணசேகரனின் வாசலுக்கு வந்தாள்.

டாக்டர் மகிமா சின்னப் பெண். அப்பா திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே என்றாலும் கடையில் கேட்டுப் பழகிய 'அண்ணாச்சி' அவள் வாயை விட்டுப் போகவில்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, துரையின் தாடையைப் பிடித்து உதட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர் கூடி எட்டவே நின்றார்கள்.

"இது வைரஸ் அண்ணாச்சி. வாய்க்கொப்புளம். பார்க்கத்தான் கண்றாவியா இருக்கும், தானா ஆறிடும். கையில வெட்டு, கீறல் இருந்தா மட்டும் தொடாதீங்க" என்றாள்.

கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. டாக்டர் கலையவில்லை. ஆட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள்.

"இவனைத்தானே பீவிம்மா ஆட்டுக்குச் சேர்த்தீங்க? வாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

குணசேகரன் பிடித்தான். வேறு என்ன செய்வது? அவள் இரண்டு கையாலும் விதைகளைத் தடவிப் பார்த்தாள். இடது பக்கம் அவள் விரல்கள் நின்றன. துரை காலை உதைத்தது. குணசேகரனுக்குத் தன் அடிவயிற்றில் சுருக்கென்றது, அவனைத்தான் அமுக்கியதுபோல.

"எத்தனை நாளா இப்படி?"

"அது... தாம்புக்கயிறு மாட்டி இட்ச்சிகிச்சு மேடம். சரியாப்பூடும்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கழுத்தில் ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ரிசல்ட் வரட்டும், அதுக்கு முன்னால பயமுறுத்தக் கூடாது. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. வாய்ப்புண் வேற, இது வேற. இது கிருமி. கிடா சேரும்போது ஆட்டுக்குப் போகும், ஆட்டுலேர்ந்து கிடாவுக்கும் வரும். ஆடு குட்டியைக் கலைக்கும். மனுஷனுக்கும் வரும் அண்ணாச்சி. நஞ்சுக்கொடியை வெறுங்கையால தொட்டா வரும். காய்ச்சாத பாலைக் குடிச்சா வரும். விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும், ஆம்பளைங்களுக்கு விதை வீங்கும். வயித்துப் பிள்ளைக்காரி குடிச்சா பிள்ளைக்கே ஆபத்து. பீவிம்மாகிட்ட காரணம் சொல்லல, வீட்ல யாரும் இந்தப் பாலைக் குடிக்காதீங்கன்னு மட்டும் சொன்னேன். அவங்க வீட்ல யாரும் அந்தப் பாலைக் குடிக்கிறதே இல்லையாம்."

பீவி சொன்னது பொய்யில்லை. அவள் வீட்டில் யாரும் குடிக்கவில்லைதான். கிடாக்கூலிப் பால் அவள் வீட்டுப் பாலே இல்லையே. அந்தப் பால் எங்கே போகிறது என்பதும், டாக்டர் எதைக் கண்டு பயப்படுகிறாள் என்பதும் சேர்ந்து தெரிந்த ஒரே ஆள் அந்தக் கணத்தில் குணசேகரன்தான்.

"உங்க வீட்ல யாருக்காவது காய்ச்சல் உண்டா?"

கதவுக்கு அந்தப் பக்கம் எழில்மொழி படுத்திருந்தாள். முந்தின நாளிலிருந்து அவளுக்குச் சாயங்காலக் காய்ச்சல். அது குணசேகரனுக்குத் தெரியும். உண்டு என்றால் அடுத்த கேள்வி அவனைப் பற்றித்தான் வரும். அதற்குள் கெங்கம்மா மோர் டம்ளரோடு கதவோரம் வந்து நிற்கிறாள்.

"இல்ல மேடம். அல்லாரும் நல்லா கீறோம்" என்றான்.

டாக்டர் மோரைக் குடித்து, அவன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஸ்கூட்டர் தெரு முனை திரும்பும்வரை கூப்பிட்டுவிடலாம், கூப்பிட்டுவிடலாம் என்று நின்றான். கூப்பிடவில்லை. அவனை என்ன சொல்வது? அடித்தாலும் தகும்.

சும்மா இருந்தான் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் டம்ளர் வந்தபோது, "ஆட்டுப்பால் சூடு, புள்ளத்தாச்சிக்கு ஆவாது" என்று முனகினான்.

"நீ எப்ப மருத்துவச்சி ஆன? நா உன் பொண்ணுக்கு இத்த குட்ச்சிதான் பால் குட்த்தேன்" என்று கெங்கம்மா சிரித்தாள். எழில்மொழி மடக்மடக்கென்று குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள். இன்னொரு நாள் பீவிக்கு முன்னால் போய்த் தெருவிலேயே வாங்கிச் சாக்கடையில் ஊற்றினான். அன்று பீவி, கறந்ததில் மிச்சம் இருந்தது என்று சாயங்காலமும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். வேறொரு நாள் கொஞ்சம் காய்ச்சிக் கொடேன் என்று கேட்டதற்கு, "சத்தெல்லாம் பூட்ரும், தள்ளு" என்று கெங்கம்மா டம்ளரை மகளின் வாயில் வைத்தே பிடித்தாள். காரணம் சொன்னால் ஒரு நொடியில் நின்றிருக்கும். காரணத்தைச் சொல்லாமல் நிறுத்தப் பார்த்தான். பால் நிற்கவில்லை.

காய்ச்சலுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கொசுக் காய்ச்சலா என்று ரத்தம் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் காலையில் விட்டது, சாயங்காலம் வந்தது. குணசேகரனுக்குத் தன் உடம்பில் காய்ச்சல் ஏறும் அதே பொழுதில் மகளின் உடம்பும் சுடுவது தெரிந்தது. அவள் நெற்றியில் கை வைத்தால் அவன் கையும் சுடும்; எது யார் சூடு என்று தெரியாது. சோறு இறங்கவில்லை. அனல் மின்நிலையப் புகைபோக்கியைப் பார்த்தபடி மணிக்கணக்கில் வாசலில் குந்தியிருந்தான். துரையை அவிழ்க்கவே இல்லை. கட்டிப்போட்ட கிடா கத்தினால் காதைப் பொத்திக்கொண்டான்.

போன் அடித்தது. மகிமா டாக்டர். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. தலையணைக்கு அடியில் சொருகினான். எடுத்தால் அது உண்மையாகிவிடும். எடுக்காதவரைக்கும் அது இடித்துக்கொண்ட வீக்கம்தான், கொசுக் காய்ச்சல்தான். பயந்தவனுடைய மூளை இப்படித்தான் கணக்குப் போடும்.

மறுநாள் காலை எழில்மொழி எழுந்திருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, வயிறு கல்லு மாரி இறுகுது. அப்பால விட்டுடுது. திரும்ப இறுகுது."

"சூட்டு வலி கண்ணு. மாசம் கீதே இன்னும்" என்றாள் கெங்கம்மா. சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது. முதல் தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

வாசலில் பீவி. "இந்தா கெங்கா, இப்பத்தான் கறந்தேன். ஒரு மொடக்கு குட்ச்சான்னா வலி அடங்கும்."

கெங்கம்மா வாங்கி மகளிடம் நீட்டினாள். நுரை இன்னும் அடங்கியிருக்கவில்லை. எழில்மொழி ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மறு கையால் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். குணசேகரன் எப்படி எழுந்தான், எப்படிப் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. டம்ளர் சுவரில் மோதித் தெறித்தது. பால் எழில்மொழியின் மடியெல்லாம் கொட்டியது.

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று கெங்கம்மா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அந்தப் பால்ல சீக்கு கீது" என்றான். குரல் உடைந்தது. "கிடாவால வந்தது. அந்த டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிச்சு. புள்ளைக்கு ஆபத்துன்னு சொல்லிச்சு. கெளம்புடி, ஆட்டோவ கூப்டு."

பீவி தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா, என் கையாலயா" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. வண்டி ஊர்ந்தது. வலி வரும்போதெல்லாம் எழில்மொழி கம்பியை இறுக்கிப் பிடித்தாள். குணசேகரன் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "தள்ளுப்பா, புள்ளத்தாச்சிப்பா" என்று லாரிக்காரர்களைக் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

பிரசவ வார்டில் டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தாள். முன்பு கொடுத்த மாத்திரைச் சீட்டைப் புரட்டினாள். "காய்ச்சல்ல வலி எடுத்திருக்கு. ஊசி போடலாம், அட்மிட் ஆகட்டும்" என்று அடுத்த கட்டிலுக்கு நகரப் போனாள்.

"மேடம், அது சாதாரண காய்ச்சல் இல்ல" என்றான் குணசேகரன். கிடா, ஆடு, செத்த குட்டி, காய்ச்சாத பால் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினான். சீக்குக்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியாது. வார்டில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிடா ரிசல்ட் வந்துச்சா?"

"தெரில மேடம். போன எடுக்கல."

"அப்ப எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க? ஏகப்பட்ட பேர் ஆட்டுப்பால் குடிக்கிறாங்க. எதையாவது வச்சுக்கிட்டுத்தான் நான் மருந்தை மாத்த முடியும்."

குணசேகரன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்தில் கெங்கம்மா. கட்டிலில் மகள். சுற்றிலும் முன்பின் தெரியாத இருபது பெண்கள். ஆம்பளைகளை உள்ளே விடாத வார்டு, ஏதோ அவசரத்தில் அவனை விட்டிருந்தார்கள். எழில்மொழிக்கு மறுபடி வலி எடுத்தது, "நைனா" என்றாள்.

"எனுக்கும் கீது மேடம்" என்றான். "சாயங்காலமானா காய்ச்சல். விதை வீங்கிகீது. கிடாவுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம். செத்த குட்டிய நான்தான் கைய வுட்டு இழுத்தேன். என் ரத்தத்த எடுத்துப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. நாள்கணக்காக அவன் பயந்த அந்தச் சிரிப்பு வரவே இல்லை. டாக்டரம்மா நகரப் போனவள் திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். குணசேகரனின் போனைக் கேட்டு வாங்கி, மகிமாவின் நம்பரை அவளே அடித்தாள். இரண்டு பேரும் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார்கள். கிடாவின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தது. பீவியின் இரண்டு ஆடுகளிலும் இருந்தது. மகிமா டாக்டர் முந்தின நாளே பீவியைத் தேடிக் காணாமல், அவன் வீட்டுக்கும் வந்து, பூட்டியிருக்கிறதென்று திரும்பியிருக்கிறாள். பூட்டவில்லை. கெங்கம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம், அவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தான்.

கெங்கம்மா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நரம்புன்னு சொன்னியே" என்றாள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எழில்மொழிக்கு மருந்து மாறியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது, வாரக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், வலி அடங்கினால் பார்க்கலாம் என்றாள் டாக்டரம்மா. வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைத் தேடினாள். இங்கே வைத்தாள், கிடைக்கவில்லை. அங்கே வைத்தாள். கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குணசேகரன் கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு டொக் டொக் டொக்கென்று ஓட்டமாகக் கேட்டது.

"இப்போதைக்கு நல்லா இருக்கு" என்றாள் டாக்டரம்மா. "இப்போதைக்குன்னுதான் சொல்ல முடியும்."

மத்தியானத்துக்கு மேல் வலி கொஞ்சம் விட்டது. கெங்கம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். குணசேகரன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். புடவையில் பால் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. எழில்மொழி ரொம்ப நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"நைனா."

"சொல்லு கண்ணு."

"அந்த டாக்டரம்மா நம்ம வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போச்சே, அதுக்கப்பால நா எத்தினி டம்ளர் குட்ச்சேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்பதுபோலக் கேட்டாள்.

குணசேகரன் துணியை மடித்தான். பிரித்தான். தெரியவில்லை கண்ணு என்று சொல்லிவிடலாம். இத்தனை நாளும் வாயில் வந்ததெல்லாம் பொய்தானே, இன்னொன்று. ஆனால் அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு டம்ளரும் அவள் தொண்டையில் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன்தான். எத்தனை என்று சொன்னான்.

எழில்மொழி தலையை ஆட்டினாள். பிறகு நெற்றியில் இருந்த அவன் கையை மெதுவாக எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.